நெல்டாவுக்கு எத்தனை மேகசின்?

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத ஆளே கிடையாது. தபால்காரர் ஐந்து என்பார். சர்ச்சில் பியானோ வாசிக்கிற அம்மாள் நான்கு என்று சொல்லிவிட்டு, ஐந்தாவது ஒன்று காரில் கிடக்கட்டும் என்பாள். பல் டாக்டர் நம் வாய்க்குள் கருவியை விட்டுக்கொண்டு, நாம் வாயைத் திறந்து பதில் பேச முடியாத நேரம் பார்த்து, பத்துக்குக் குறைவாக வைத்திருப்பவர்களை நினைத்தால் தனக்கு வயிற்றைக் கலக்குகிறது என்பார். வேறொன்றுமில்லை. கைத்துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறவர் அதற்கு உபரியாக எத்தனை மேகசின் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. மேகசின் என்றால் துப்பாக்கியின் கைப்பிடிக்குள் செருகுகிற தோட்டா டப்பா. ஒரு தகரக் கூடு, உள்ளே ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். பெற்ற பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்று தெரியாத ஆண்கள்கூட இந்த டப்பாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

எரிச்சலோடுதான் சொல்கிறேன். எரிச்சல் என்பதுகூடக் குறைவு. கொதித்துப் போயிருக்கிறேன். என் பெயர் ஐவா. சீடர் ஃபோர்க் பள்ளிக்கூடத்துக்குப் பேருந்து ஓட்டுகிறேன். நான் சொல்லப்போவது நெல்டா ப்ரூவிட்டைப் பற்றி. அவளும் பேருந்து ஓட்டுகிறவள்தான். கொட்டகையில் என் வண்டிக்கு அடுத்த வண்டி அவளுடையது.

நெல்டா கோழிப்பண்ணைக்காரர் மகள். ஆள் குள்ளம். பெடல் எட்டுவதற்காக முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் சொருகிக்கொள்வாள். பேருந்தில் பிள்ளைகள் அடித்துக்கொண்டால் மற்றவர்களைப் போல அவள் கத்த மாட்டாள். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, தன் தக்காளி சாண்ட்விச்சைப் பிரித்து நிதானமாகத் தின்ன ஆரம்பிப்பாள். "முடிச்சிட்டு சொல்லுங்க, கிளம்பலாம்" என்பாள். அந்தப் பிள்ளைகளுக்கு அதைவிட அவமானம் வேறு கிடையாது. அடங்கிவிடும்.

அவளுடைய வலது கட்டைவிரலைப் பார்த்தவர்கள் ஏதோ விவசாயியின் விரல் என்று நினைப்பார்கள். நுனி காய்த்துத் தடித்திருக்கும். அது கோழிப்பண்ணையில் வந்ததில்லை. மேகசின் நிரப்பி வந்தது. சனிக்கிழமைதோறும் ஹார்லனின் துப்பாக்கிக் கடைக்குப் பின்னால் இருக்கிற சரளைப் பள்ளத்தில் சுடுகிற போட்டி நடக்கும். இரும்புத் தகடுகளை வரிசையாக நிறுத்தி, கடிகாரம் வைத்துச் சுடுவார்கள். ஆண்கள் சுடுவார்கள். பெண்டாட்டிகள் பிக்கப் வண்டிகளின் பின்பலகையில் உட்கார்ந்து காலி மேகசின்களை நிரப்பிக் கொடுப்பார்கள். கடைசி இரண்டு மூன்று தோட்டாக்களை உள்ளே தள்ளும்போது ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும். விரல் நோகும். அதைச் சுலபமாக்க ஒரு சின்னக் கருவி ஹார்லன் கடையிலேயே கிடைக்கிறது. நெல்டாவின் புருஷன் ராய்ஸ் அதை வாங்கித் தரவே இல்லை. "நீ இருக்கும்போது அது எதுக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்பான். எல்லாரும் சிரிப்பார்கள். என் புருஷன் வெர்லினும் சேர்ந்து சிரிப்பான். வெர்லினும் ராய்ஸும் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள்.

சுடும்போது காலி மேகசினை மண்ணில் தட்டிவிட்டு அடுத்ததைச் செருகுவார்கள். கீழே விழுந்தது யாருடையது என்று பிறகு தெரிய வேண்டுமே, அதற்காக ஒவ்வொருவரும் ஓர் அடையாளம் வைத்துக்கொள்வார்கள். ராய்ஸின் அடையாளம் சிவப்புப் பொட்டு. நெல்டாவின் நகப்பூச்சால் வைத்தது. அந்தக் குப்பியை அவள் தன் நகத்துக்கு என்று திறந்து நான் பார்த்ததில்லை. பத்தொன்பது வருடம் அவனுக்கு நிரப்பினாள், துடைத்தாள், பொட்டு வைத்தாள். ஒரு சனிக்கிழமைகூட அவள் கையில் துப்பாக்கியைக் கொடுத்து நீயும் சுட்டுப் பார் என்று ஒருவரும் சொன்னதில்லை.

போன வருடம் அக்டோபரில் அவளுடைய காறை எலும்பு உடைந்தது. படியில் விழுந்துவிட்டேன் என்றாள். அவர்கள் வீட்டு வாசலில் இருப்பதே ஒரே ஒரு படி. நான் எதுவும் கேட்காமல் அவளை என் காரில் ஏற்றினேன். ஆஸ்பத்திரி வாசலில்தான் வாயைத் திறந்தாள். "ஐவா, இது ரெண்டாவது தடவை. முதல் தடவை விலா எலும்பு. உனக்குத் தெரியாது."

அதற்குப் பிறகு அவள் திரும்பிப் போகவில்லை. நீதிபதி ஒரு வருடத் தடை உத்தரவு போட்டார். ராய்ஸ் அவள் பக்கத்தில் வரக்கூடாது. உத்தரவு முடிகிற வரைக்கும் துப்பாக்கியோ தோட்டாவோ அவன் கையில் இருக்கக்கூடாது. இருப்பதை எல்லாம் நம்பிக்கையான ஆள் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த நம்பிக்கையான ஆள் யார் என்றால், என் புருஷன். எங்கள் வீட்டு நிலவறையில், இறைச்சி வைக்கிற பெரிய ஃப்ரீசருக்குப் பக்கத்தில், வெர்லினின் இரும்பு அலமாரி நிற்கிறது. ராய்ஸ் நான்கு துப்பாக்கிகளைக் கொண்டுவந்து அதற்குள் வைத்துவிட்டு அழுதான். நெல்டாவின் எலும்பு உடைந்தபோது அழாதவன், போட்டிக்கு எடுத்துப் போகிற துப்பாக்கியைத் தடவிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். வெர்லின் அவன் தோளைக் கட்டிக்கொண்டான். நான் அங்கே நிற்காமல் மேலே ஏறிப் போய்விட்டேன்.

ஊரும் அப்படித்தான். அவன் தனியாக இருக்கிறானே என்று சர்ச்சுப் பெண்கள் முறை வைத்து அவன் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பினார்கள். நெல்டா ஊருக்கு வெளியே ஆற்றோரம் வாடகைக்குப் பிடித்த வீட்டுக்கு ஒரு தட்டுக்கூடப் போகவில்லை. நான் கொண்டுபோனதுதான்.

அந்த வீட்டுக்குக் காவல் அலுவலகத்திலிருந்து ஒரு வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகும். அதை அவர்களே சொன்னார்கள். சொல்லிவிட்டு, "ஏதாவது ஒண்ணு வாங்கி வச்சுக்கம்மா" என்று அறிவுரையும் சொன்னார்கள். அதனால்தான் நெல்டா தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தனக்கென்று ஒரு துப்பாக்கி வாங்க ஹார்லன் கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

ஹார்லனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. பெரிய வயிறு, வெள்ளைத் தாடி, எந்நேரமும் வாயில் சூரியகாந்தி விதை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்கிறவர். அவர் வாயில் எப்போதும் வருகிற ஒரு பேச்சு உண்டு. "ஸ்பேர் குறைஞ்சது மூணு." பாதிரியார் ஆசீர்வாதம் சொல்கிற மாதிரி கையை உயர்த்தி அதைச் சொல்வார்.

"துப்பாக்கியோட பெட்டியிலேயே ரெண்டு மேகசின் வருதும்மா" என்றார் அன்றும். "ஒண்ணு துப்பாக்கியில இருக்கும். இன்னொண்ணு ஸ்பேர். அது பத்தாது. இன்னும் ரெண்டு எடுத்துக்கோ. ஸ்பேர் குறைஞ்சது மூணு."

"ஒண்ணு போதும் ஹார்லன்" என்றாள் நெல்டா.

"ஒத்தை ஸ்பேரா!" பக்கத்தில் தொப்பியோடு நின்றிருந்த இரண்டு பேரைப் பார்த்துக் கண்ணடித்தார். "நெல்டா, துப்பாக்கியில முதல்ல கெட்டுப்போறதே மேகசின்தான். ஒரு தடவை கீழ விழுந்து வாய் நெளிஞ்சா அவ்வளவுதான், தோட்டா மாட்டிக்கும்."

"எனக்குத் தெரியாதா? உங்க பள்ளத்துல விழுந்த மேகசினை எல்லாம் யார் பொறுக்கித் துடைச்சதுன்னு நினைச்சீங்க?"

"பின்னே என்ன கஷ்டம்?"

நெல்டா கட்டைவிரலை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். "மூணு இருந்தா மூணையும் நிரப்பணும். நிரப்பினது போதும்."

தொப்பிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இரண்டே நாளில் ஊர் முழுவதும் அவளுக்கு 'ஒத்தை ஸ்பேர் நெல்டா' என்று பெயர் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு சாப்பாட்டில் உருளைக்கிழங்கு சாலட்டைத் தட்டில் போட்டுக்கொண்டே ஆளுக்கொரு எண் சொன்னார்கள். நான்கு வைத்துக்கொள். ஆறு வைத்துக்கொள். இரண்டு படுக்கைக்குப் பக்கத்தில், இரண்டு சமையலறையில். அத்தனை பேரும் அக்கறையோடுதான் சொன்னார்கள். ஒருவர்கூட ராய்ஸின் பெயரை எடுக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தால், ஏதோ சூறாவளி வரப்போகிறது, அதற்கு மெழுகுவத்தி எத்தனை வாங்கலாம் என்று பேசுவதாகத்தான் தோன்றும். சூறாவளியிடம் போய் நீ வராதே என்று யாராவது சொல்ல முடியுமா? ராய்ஸிடம் சொல்லலாம். அவனோடு மீன் பிடிக்கிறவர்கள் சொல்லலாம். அவனுக்குச் சாப்பாடு அனுப்புகிறவர்கள் சொல்லலாம். நான் சாலட் கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தத்தில் பாதிரியாரே திரும்பிப் பார்த்தார்.

நெல்டா மட்டும் சிரித்தபடி எல்லாருக்கும் தலையாட்டினாள்.

ஏப்ரல் கடைசியில் அவள் சிரிப்பது நின்றது. எங்கள் பேருந்துக் கொட்டகைக்கு எதிரே சாலையைத் தாண்டித் தீவனக் கடை இருக்கிறது. அதன் முன்னால் ராய்ஸின் நீல நிற பிக்கப் நிற்பதை அவள் பார்த்தாள். மறுநாளும் நின்றது. அதற்கடுத்த வாரமும் நின்றது. காவல் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். தீவனக் கடைக்கு வர யாருக்கும் உரிமை உண்டு, தூரமும் உத்தரவில் சொன்னதைவிடக் கூடத்தான் இருக்கிறது என்றார் துணை அதிகாரி. அவரும் சனிக்கிழமைப் பள்ளத்தில் சுடுகிறவர்தான். ராய்ஸிடம் ஒரு மாடுகூடக் கிடையாது. அவன் எதற்குத் தீவனம் வாங்குகிறான் என்று அவர் யோசிக்கவில்லை.

"என்னடி செய்யப்போறே?" என்று கேட்டேன்.

"என்ன செய்றது? ஹார்லன்கிட்டப் போய் நீங்க ஜெயிச்சிட்டீங்கன்னு சொல்லப்போறேன். இன்னும் ரெண்டு வாங்கிக்கறேன்." விரலைப் பார்த்துக்கொண்டாள். "தூங்கி ரொம்ப நாளாச்சு ஐவா. அது அலமாரியில இருந்தா ஒருவேளை தூக்கம் வருமோ என்னவோ."

அன்று சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு இரண்டு பேரும் கடைக்குப் போனோம். ஹார்லனுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"வழிக்கு வந்தியா!" சுவரில் தொங்கியதில் இரண்டை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். "நான் சொன்னா யாராவது கேக்கறீங்களா? பட்டுத்தான் வருவீங்க. உன் புருஷனைப் பாரு. போன வாரம் வந்தான். குறைஞ்சது மூணுன்னேன். மறுபேச்சு இல்ல. புதுசா மூணு எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

நான் பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் உறைக்கவில்லை. நெல்டாவின் கை மேசைமேல் அப்படியே நின்றதைப் பார்த்துத்தான் நிமிர்ந்தேன்.

"எந்தத் துப்பாக்கிக்கு?" என்று கேட்டாள்.

"என்னது?"

"மேகசின் எந்தத் துப்பாக்கிக்கு வாங்கினான்? ஒண்ணுக்குள்ளது இன்னொண்ணுல போகாதே. எதுக்கு வாங்கினான், ஹார்லன்?"

"வேற எதுக்கு? அவன் மேட்ச் துப்பாக்கிக்குத்தான்..."

"அது ஐவா வீட்டு அலமாரியில இருக்கு."

ஹார்லன் மெல்லுவதை நிறுத்தினார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்குவதை நான் நின்று பார்த்தேன். பிறகு அவர் சொன்னது இது: "இங்க பாரும்மா, உத்தரவுல துப்பாக்கின்னு இருக்கு, தோட்டான்னு இருக்கு. மேகசின்னு இல்ல. நான் சட்டத்தை மீறல. அது வெறும் தகர டப்பா."

"துப்பாக்கி இல்லாதவனுக்கு டப்பா எதுக்குன்னு உங்களுக்குத் தோணலையா?"

"பழசுல ஸ்பிரிங் தளர்ந்துபோச்சுன்னான். அதனால..."

இதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை. அந்த மனிதர் முப்பது வருடமாக அந்த மேசைக்குப் பின்னால் நின்று எத்தனை, எத்தனை என்றுதான் கேட்டிருக்கிறார். எதற்கு என்று ஒருமுறை கேட்டதில்லை. எலும்பை உடைத்தவன் வந்து நிற்கிறான். அவனிடம் துப்பாக்கி இருக்கக்கூடாது என்பது ஊருக்கே தெரியும். அவனுக்கும் கையை உயர்த்தி அதே ஆசீர்வாதம், ஸ்பேர் குறைஞ்சது மூணு. உடைபட்டவளுக்கும் அதே. எங்கள் ஊர்க்காரன் ஒருவனால்தான் இப்படி ஒரு தப்பைச் செய்துவிட்டு, பில்லும் போட்டு, வாடிக்கையாளர் நம் பேச்சைக் கேட்டாரே என்று மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போக முடியும்.

நெல்டா ஹார்லனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனிடம் துப்பாக்கி இருக்கிறதென்றால் அது என் வீட்டிலிருந்துதான் போயிருக்கிறது. மேசைமேல் இருந்த இரண்டு மேகசினையும் அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தோம்.

வெர்லின் கொல்லையில் புல்வெட்டும் இயந்திரத்தைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெல்டா வண்டியை விட்டு இறங்கி எங்கள் நாயின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"அலமாரியைத் திற" என்றேன்.

"எதுக்கு? என்ன வேணும் உனக்கு?"

"திறக்கிறியா, இல்ல கோடரி எடுக்கட்டுமா?"

"கத்தாதே ஐவா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்யா! நல்லாக் கேக்கட்டும்!"

நிலவறைக்கு இறங்கிப் போய்த் திறந்தான். ராய்ஸின் நான்கில் மூன்று துப்பாக்கிகள் இருந்தன. போட்டிக்குரிய கைத்துப்பாக்கி இல்லை. அது இருந்த இடத்தில் அதைச் சுற்றியிருந்த பச்சைத் துணி மட்டும் மடித்து வைத்திருந்தது.

"மேட்சுக்குக் குடுத்தேன்" என்றான் வெர்லின், தரையைப் பார்த்துக்கொண்டு. "நம்ம ஊர்ல இல்ல. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணு நடக்குது. அங்க அவனை யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை எடுத்துட்டுப் போய் ஞாயித்துக்கிழமை குடுத்துடறேன்னான்."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

வெர்லின் அந்தப் பச்சைத் துணியைப் பிரித்து மறுபடி மடித்தான்.

"எந்த ஞாயித்துக்கிழமைன்னு கேட்டேன்."

"மறந்திருப்பான்... ஐவா, நீ பொம்பளை, உனக்குப் புரியாது. இத்தனை வருஷமா சுடறவன். ஒரேயடியாப் பிடுங்கி வச்சுட்டா அவன் என்ன ஆவான்?"

"நெல்டா என்ன ஆவா?"

"தோட்டா நான் குடுக்கல" என்றான் அவசரமாக. அதில் ஒரு பெருமைகூட இருந்தது. "சத்தியமாச் சொல்றேன், ஒரு தோட்டாகூட நான் குடுக்கல."

அவனோடு முப்பத்திரண்டு வருடம் வாழ்ந்திருக்கிறேன். அந்த நிமிடம்போல அவனை நான் வெறுத்ததில்லை. அவன் கெட்ட எண்ணத்தில் கொடுத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேனோ என்னவோ. பாவம், அவன் பொழுது போகாமல் இருக்கிறானே என்று கொடுத்தானாம். தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்காதா? இந்த ஊரில் பால் வாங்கப் போகிற கடையில் கிடைக்கும்.

அங்கேயே, அவன் முன்னாலேயே, காவல் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். துணை அதிகாரி ஆரம்பித்தார்: "மேகசின் வாங்குறது குத்தம் இல்லையே, ஐவாம்மா..."

"மேகசினை விடுங்க. துப்பாக்கியே அவன்கிட்ட இருக்கு. எடுத்துக் குடுத்தது என் புருஷன். பேரை எழுதிக்கோங்க, வெர்லின். எழுத்துக்கூட்டிச் சொல்லட்டுமா?"

வெர்லின் ஃப்ரீசர் மேல் உட்கார்ந்துவிட்டான். அவர்கள் அன்று சாயங்காலமே ராய்ஸ் வீட்டுக்குப் போனார்கள். அவன் அங்கே இல்லை. அவன் எங்கே இருப்பான் என்று எனக்குத் தெரியும் என்றேன். காலையில் பேருந்துகள் கிளம்புகிற நேரத்துக்குத் தீவனக் கடைப் பக்கம் வந்து பாருங்கள் என்று மூன்று தடவை சொன்னேன்.

நெல்டாவிடம் மறுநாள் லீவு போடச் சொன்னேன். இரவு எங்கள் வீட்டில் தங்கச் சொன்னேன். தங்கினாள். லீவு மட்டும் போட மாட்டேன் என்றாள். "பிள்ளைங்க ரோட்டோரம் நின்னுக்கிட்டிருக்கும் ஐவா. மழை வேற வர்ற மாதிரி இருக்கு."

காலையில் என் காரிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கொட்டகை வாசலுக்கு வந்தபோது எதிரே இரண்டு காவல் வண்டிகள் நின்றிருந்தன. நடுவில் நீல நிற பிக்கப், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தீவனக் கடை திறக்க இன்னும் வெகு நேரம் இருந்தது. அவனை வெளியே இறக்கிக் கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள். அவன் சண்டை போடவில்லை. எங்கள் வண்டி திரும்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

துணை அதிகாரி பிறகு கொட்டகைக்குள் வந்தார். நேற்றுப் போனில் பேசிய குரல் இல்லை அது. துப்பாக்கி பக்கத்து இருக்கையில் கோட்டுக்கு அடியில் இருந்ததாம். புது மேகசின் மூன்றும் இருந்தன. "மூணும் நிறைஞ்சிருக்கு நெல்டா" என்றார். பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார். ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்புப் பொட்டு வைத்திருந்தது.

"என் நகப்பூச்சு. அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றாள் நெல்டா. பிறகு, "கோணலா வச்சிருக்கான்" என்றாள்.

அப்போது அவளுடைய துப்பாக்கி எங்கே இருந்தது? ஆற்றோர வீட்டில், அலமாரியில், அந்த ஒற்றை ஸ்பேரோடு இருந்தது. பேருந்துக் கொட்டகையும் பள்ளி வளாகம்தான், அதற்குள் துப்பாக்கி கொண்டுவரக்கூடாது. வேலை நாட்களில் அதை வீட்டில்தான் வைத்துவிட்டு வருவாள். அது ராய்ஸுக்கும் தெரியும். அதனால்தான் ஆற்றோர வீட்டுப் பக்கமே போகாமல் இங்கே வந்து காத்திருந்தான். இத்தனை மாதமாக ஊரே கூடி நாலா ஐந்தா ஆறா என்று அவளுக்குப் பாடம் எடுத்தார்களே, அவள் முப்பது வாங்கி அடுக்கியிருந்தாலும் அந்த வாசலில் அவள் கையில் சாண்ட்விச் டப்பாதான் இருந்திருக்கும். இதை நான் பல் டாக்டரிடம் சொன்னேன். அப்படியானால் துப்பாக்கியைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயும் விட வேண்டும் என்றார். நான் டாக்டரை மாற்றிவிட்டேன்.

நெல்டா அன்று டயர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, தலையணையைச் சொருகிக்கொண்டு கிளம்பினாள். தாமதம் ஆகவில்லை.

ராய்ஸ் இப்போது உள்ளே இருக்கிறான், வழக்கு நடக்கிறது. வெர்லினையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். நானும் அவனும் உப்பைத் தள்ளு, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேசிக்கொள்வதில்லை. மீதித் துப்பாக்கிகளையும் காவல் அலுவலகத்துக்கு எடுத்துப் போய்விட்டதால் அலமாரி காலியாக இருக்கிறது. அதில் இனி யாருடைய துப்பாக்கியும் வராது என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமைப் போட்டியை விசாரணை முடிகிற வரைக்கும் நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஊர் அதற்கு யார்மேல் கோபப்படுகிறது தெரியுமா? நெல்டாமேல். "ஒரு குடும்பச் சண்டைக்காக எல்லார் சனிக்கிழமையும் போச்சு" என்று பியானோ அம்மாள் என் காதுபடவே சொன்னாள். அவள் எத்தனை மேகசின் வேண்டும் என்று சொன்னவள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஜூனில் ஒரு நாள் தபால் அலுவலக வாசலில் ஹார்லன் எங்களை நிறுத்தினார். கையில் பழுப்புக் காகிதப் பை. கொஞ்சம் இளைத்திருந்தார். தாடியைத் தடவிக்கொண்டு பையை நீட்டினார்.

"நெல்டா, அன்னிக்கு நீ விட்டுட்டுப் போனது ரெண்டு. என் பங்குக்கு இன்னும் ஒண்ணு போட்டிருக்கேன். காசு வேண்டாம். வச்சுக்கோம்மா. அவன் என்னிக்காவது வெளியில வருவான்ல. இப்பவாவது புரியுதா, ஏன் குறைஞ்சது மூணு இருக்கணும்னு?"

என் கையில் தபால் பார்சல் இருந்தது. அதை அவர் தலையில் போடாமல் இருந்ததற்கு எனக்கே நான் ஒரு மெடல் கொடுத்துக்கொள்ளலாம். நெல்டா பையைத் திறந்தாள். ஒரு மேகசினை எடுத்து, பழக்கதோஷத்தில் அந்தக் காய்த்த விரலால் ஸ்பிரிங்கை ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். திரும்ப உள்ளே போட்டுப் பையை மடித்து அவர் கையிலேயே வைத்தாள்.

"அன்னிக்கு அவன்கிட்ட 'எதுக்குடா உனக்கு'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, எனக்கு இதுல ஒண்ணுகூட வேண்டியதில்ல ஹார்லன்."

"எப்படிம்மா கேப்பேன்?" உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். "இருபது வருஷமா ஒரு சனிக்கிழமை தவறாம என் கடைக்கு வந்தவனாச்சே."

"நானும்தான் வந்தேன்" என்றாள் நெல்டா. "வண்டிப் பின்பலகையில உக்காந்திருந்தேன்."